மீனலோசனிக்கு வந்த போன்

1988ஆம் ஆண்டு தாவரவியல் முதுகலைத் தேர்வு முடிவைப் பல்கலைக்கழகப் பலகையில் ஒட்டியபோது முதலிடத்தில் ரவிசங்கர் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த பெயர் மீனலோசனி. இதை ரவிசங்கர் இப்போதும் சொல்வான். புதிதாக அறிமுகமாகிறவரிடம் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் எப்படியோ பேச்சை அந்தப் பலகைக்குக் கொண்டுவந்துவிடுவான். அடுத்த பெயர் தன் மனைவியுடையது என்பதை மட்டும் சில வருடங்களாகச் சொல்வதில்லை.

இருவரும் மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மகாலை ஒட்டிய தெருக்களில் வீடு. இரண்டு வீட்டிலும் ஜவுளி வியாபாரம். அறிவியல் படிக்கப் போன முதல் ஆட்கள் இவர்கள்தான். படிக்கும்போது மீனலோசனிக்கு முதலில் மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கவே தெரியவில்லை. தன் இமைமுடியைப் பார்த்துவிட்டு அதுதான் பூஞ்சை இழை என்று படம் வரைந்து வைத்திருந்தாள். பக்கத்து மேசையில் இருந்த ரவிசங்கர்தான் சிரித்துக்கொண்டே வந்து திருகைத் திருப்பி, "இப்பப் பாரு" என்றான்.

படித்த பெண், படித்த பையன், ஒரே ஜனம். பெரியவர்கள் பேசி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசிக்கொள்வார்கள். பூஞ்சை, ஸ்லைடு, ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் மட்டும் இருவருக்கும் தமிழ் வந்துவிடும். லேபில் பழகிய பழக்கம்.

ரவிசங்கருக்குப் பசுமலையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை உடனே கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கும் பதிந்தான். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் வேர் அழுகும் நோய்தான் தலைப்பு. மீனலோசனிக்கு உதவித்தொகை கிடைத்து முழுநேர ஆராய்ச்சியில் சேர்ந்தாள். அவனுக்கு வகுப்பு, விடைத்தாள் திருத்துவது, கல்லூரி ஆண்டுவிழா என்று நாள் போயிற்று. கொடிக்காலில் இருந்து எடுத்துவந்த வேர்கள் பாலிதீன் பைக்குள்ளேயே காய்ந்தன. அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் போனார். ஆராய்ச்சியை விட்டுவிட்டதாக ரவிசங்கர் யாரிடமும் சொன்னதில்லை. "கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கேன்" என்பான்.

மீனலோசனி முடித்தாள். டாக்டர் மீனலோசனி ஆனாள். பல்கலைக்கழகத்திலேயே வேலையும் கிடைத்தது. அப்போதெல்லாம் அவள் கட்டுரைகளின் ஆங்கிலத்தை அவன்தான் திருத்திக் கொடுப்பான். சிவப்பு மை நிறைய ஆன நாட்களில் சந்தோஷமாக இருப்பான். போகப் போகச் சிவப்பு குறைந்தது. ஒரு கட்டுரையில் ஒரு காற்புள்ளி தவிர அவனுக்கு எதுவுமே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, "எனக்கு டைம் இல்ல மீனா" என்று சொல்ல ஆரம்பித்தான். அவளும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவள் எடுத்துக்கொண்ட வேலை கண்புண். தை மாதம் அறுவடை வந்தால் மேற்கே வயல்காட்டுப் பக்கமிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்து அதைத் தொடங்கினாள். நெல் அடிக்கும்போது உமியோ தாளோ கண்ணில் பட்டுக் கீறிவிடும். கீறல் புண்ணாகும். அந்தப் புண் பாக்டீரியாவால் வந்ததா, பூஞ்சையால் வந்ததா என்று பார்த்தவுடனே தெரியாது. மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவார்கள். பூஞ்சையாக இருந்தால் சில சொட்டு மருந்துகள் அதை இன்னும் வளர்த்துவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது கருவிழி வெந்த முட்டைபோல வெளுத்திருக்கும்.

மீனலோசனி ஒரு சாயக் கலவை கண்டுபிடித்தாள். புண்ணிலிருந்து டாக்டர் சுரண்டி எடுத்ததைக் கண்ணாடியில் தடவி அதில் ஒரு சொட்டு விட்டால், சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே பூஞ்சை இழை நீல நூல்போலத் தெரியும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். சாயம், கண்ணாடி, விளக்கப்படம் எல்லாம் அடங்கிய ஒரு சின்னப் பெட்டி. டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு சோழவந்தான், முள்ளிப்பள்ளம் என்று பஸ் ஏறிப் போவாள்.

சாயங்காலம் திரும்பி வரும்போது காலெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு. பழங்காநத்தத்து வாடகை வீட்டின் முன்னறையில் ரவிசங்கர் அதே பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு அடுத்த நாள் பாடம் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்கும். தான் அப்படிப் பாடிக்கொண்டு வேலை பார்த்தது எப்போது என்று யோசிப்பான். நினைவுக்கு வராது. புத்தகத்தைப் பட்டென்று மூடுவான்.

கல்லூரியில் பேச்சிமுத்து என்று ஒரு வேதியியல் விரிவுரையாளர். வெள்ளை மனசுக்காரன்.

"அண்ணே, பேப்பர்ல அண்ணி போட்டோ போட்டிருக்கான் பாத்தீகளா? எம்புட்டுப் பெரிய வேலை! நீங்க குடுத்து வச்சவுகண்ணே."

"பாத்தேன், பாத்தேன்" என்பான் ரவிசங்கர். பேப்பரில் அவள் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்ததைத்தான் முதலில் பார்த்திருந்தான். அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

1998 நடுவில் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அறிவியலிலும் மருத்துவத்திலும் மக்களுக்குப் பயன்படுகிற புதிய ஆராய்ச்சிக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு விருது. தேர்வாகும் ஆராய்ச்சியைச் சுகாதாரத் துறைக்கே பரிந்துரைத்து அனுப்புவார்கள். கடைசிச் சுற்றுக்கு வந்த சிலரில் மீனலோசனியும் ஒருத்தி. வெளியூர்ப் பேராசிரியர்கள் லேபுக்கே வந்து செய்முறையைப் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. 1999 மாசிக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு வெகு முன்பே, தை அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாலையில் வீட்டுப் போன் அடித்தது. ரவிசங்கர் எடுத்தான். தேர்வுக் குழுவில் இருந்த சென்னைப் பேராசிரியர் பேசினார்.

"டாக்டர் மீனலோசனி இருக்காங்களா?"

"இல்ல சார். வெளிய போயிருக்காங்க. நான் அவங்க ஹஸ்பெண்ட்."

"நல்லதாப் போச்சு. எங்க புரோகிராம் மாறிடுச்சு. நாளைக்குக் காலையிலேயே மதுரை வர்றோம். நேரா அவங்க லேபுக்குத்தான். ஆபீஸ்ல யாரும் எடுக்கல. அவங்ககிட்ட அவசியம் சொல்லிடுங்க, ஸ்லைடெல்லாம் ரெடியா வச்சிருக்கச் சொல்லுங்க."

"கண்டிப்பா சொல்றேன் சார்."

அப்போது அவன் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சொல்லத்தான் நினைத்திருந்தான். சற்று நேரத்தில் மீனலோசனி வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"முள்ளிப்பள்ளத்துல பாண்டியம்மாள்னு ஒரு அம்மா. போன வாரம் ஸ்லைடுல பூஞ்சைன்னு பாத்து உடனே சரியான மருந்து குடுத்தோம்ல, இன்னைக்கு அந்தக் கண்ணால என் சேலைக் கலரைச் சொல்லிட்டாங்க! கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குறாங்க. நாளைக்கு இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாரேன்னிருக்காங்க. முதல் பஸ்ஸுக்கே போகணும்."

அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை ரவிசங்கரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த முகத்துக்கு இன்னொரு நல்ல செய்தியையும் தன் வாயாலேயே கொடுக்க வேண்டுமா என்று தோன்றியது. சாப்பிட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். சாப்பிட்டார்கள். மகள் இந்துப்ரியாவின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தான். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தான்.

காலையில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவன் வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றான்.

"போயிட்டு வாரேன். இந்துவை ஸ்கூல்ல விட்டுருங்க" என்றாள்.

"ம்" என்றான்.

அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கூப்பிட்டிருக்கலாம். பஸ் நிலையத்துக்கு ஸ்கூட்டரில் போய்க்கூடப் பிடித்திருக்கலாம். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்து சவரம் செய்துகொண்டான்.

பேராசிரியர்கள் வந்தார்கள். லேப் பூட்டியிருந்தது. காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போனார்கள். அந்த வருட விருது, தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் முறை கண்டுபிடித்த ஒருவருக்குப் போயிற்று.

குழு வந்து போனதை மீனலோசனி மறுநாள்தான் அறிந்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"முந்தாநாள் யாராச்சும் போன் பண்ணாங்களா? எனக்குத் தகவல் சொல்லியாச்சுன்னு சொல்றாங்களாம்."

"இல்லையே."

"நீங்க வீட்லதான இருந்தீங்க?"

"இருந்தேன். ரெண்டு நாளா போன் சரியில்ல மீனா. கரகரன்னு இருக்கு."

அவள் நம்பிவிட்டாள். நம்பியதோடு விடாமல் பல்கலைக்கழகத்தில் இருந்தே தொலைபேசி நிலையத்துக்குப் புகாரும் கொடுத்துவிட்டாள். அடுத்த நாள் மலையாண்டி என்கிற லைன்மேன் வந்து சேர்ந்தார். ரவிசங்கர் மட்டும் வீட்டில் இருந்தான். அவர் போனைக் கழற்றிப் பார்த்தார், கம்பத்தில் ஏறிப் பார்த்தார், இறங்கி வந்தார்.

"சார், லைன் தங்கமா இருக்கு. கம்ப்ளெய்ண்ட் எதுக்குக் குடுத்தீக?"

"நடுவுல சரியில்லாம இருந்துச்சு."

"எக்ஸ்சேஞ்சுல பாத்துட்டுத்தான் வாரேன். ஒரு கோளாறும் இல்ல."

"பரவாயில்ல அண்ணே. வந்ததுக்கு எதையாவது மாத்திட்டுப் போங்க" என்றான் ரவிசங்கர்.

மலையாண்டி அவனை ஒரு மாதிரி பார்த்தார். நன்றாக இருந்த ஒயரைக் கழற்றிவிட்டு வேறு ஒயர் மாட்டிவிட்டுப் போனார். மாலையில் மீனலோசனி புது ஒயரைப் பார்த்து, "நல்லவேளை, சரி பண்ணிட்டாங்களா" என்றாள். ரவிசங்கர் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தான்.

அந்தச் சில நாட்கள் அவன் அவளிடம் மிகப் பிரியமாக இருந்தான். கடைக்குப் போய்ப் பால்கோவா வாங்கி வந்தான். இந்துப்ரியாவைக் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகத் தெப்பக்குளத்துக்குப் போனார்கள். "அண்ணிக்குக் கிடைக்கலையாமேண்ணே" என்று பேச்சிமுத்து வருத்தப்பட்டபோது, "அதெல்லாம் அரசியல்ப்பா. விடு" என்று பெரிய மனிதன்போலப் பதில் சொன்னான். அவள் உடைந்து போவாள், தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுவாள், 'எனக்கு ஆராய்ச்சியே வேண்டாம்' என்பாள், தான் தேற்ற வேண்டும் என்றெல்லாம் உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. அவள் ஒரு நாள் முகம் வாடியிருந்தாள். மறுநாள் அடுப்படியில் பாட்டு கேட்டது. அவனுக்கு வயிறு எரிந்தது. அவளிடமிருந்து தான் எடுத்தது விருதைத்தான். தான் பொறாமைப்பட்டதோ அந்தப் பாட்டின்மீது என்று அப்போது லேசாகப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

மூன்று வருடம் போயிற்று. மீனலோசனி வெளிநாட்டு இதழ்களில் எழுதினாள். பெட்டியைச் சுகாதாரத் துறைக்குக் கொண்டுபோக அவளே அலுவலகம் அலுவலகமாக நடந்தாள். போகிற இடத்தில் எல்லாம் "யார் பரிந்துரை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 2002இல் மறுபடியும் அவளைக் கூப்பிட்டார்கள். இந்த முறை குழு வந்தபோது லேபில் இருந்தாள். விருது அவளுக்குத்தான் என்று அன்றைக்கே ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

அன்று அந்தச் சென்னைப் பேராசிரியர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "போன தடவையே உங்களுக்கு வந்திருக்க வேண்டியதும்மா. நான்தான் வீட்டுக்குப் போன் பண்ணினேன். உங்க ஹஸ்பெண்ட் எடுத்தார். கண்டிப்பா சொல்றேன்னார். மறந்துட்டார் போல."

"இருக்கும் சார்" என்றாள் மீனலோசனி.

வீட்டுக்கு வந்தாள். இந்துப்ரியா டியூஷனுக்குப் போயிருந்தாள். ரவிசங்கர் முன்னறையில் இருந்தான். அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தமிழில் பேசினாள்.

"அன்னைக்கு போன் வந்துச்சு. நீங்கதான் எடுத்தீங்க."

ரவிசங்கர் "எந்தப் போன்?" என்று கேட்க வாய் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு சொன்னான்.

"மறந்துட்டேன் மீனா."

"மறக்கல. மறந்திருந்தா நான் கேட்டப்போ ஞாபகம் வந்திருக்கும்."

அவன் கண் மூலையில் இருந்த போனுக்குப் போயிற்று.

"லைன்மேன் வந்து ஒயரெல்லாம் மாத்திட்டுப் போனாரே. அது எதுக்கு?"

அவன் மேசைமேல் கிடந்த குறிப்புகளை அடுக்க ஆரம்பித்தான்.

"ஏன்னு மட்டும் சொல்லுங்க. நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

கடைசியில் அவன் சொன்னது அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை. "நான்தான முதல் ரேங்க்."

மீனலோசனி சிரிக்கவில்லை. "ஆமா. நீங்கதான் முதல் ரேங்க். நான் எங்கயாச்சும் இல்லன்னு சொன்னேனா? மைக்ராஸ்கோப்புல பாக்கவே நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அப்புறம் நீங்க பாக்குறதை நிறுத்திட்டீங்க. நான் நிறுத்தல. அம்புட்டுத்தான்."

"நான் எங்க நிறுத்தினேன்? எனக்கு காலேஜ் வேலை..."

"சரி."

எழுந்தாள். நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டாள். போகும்போது திரும்பி நின்றாள்.

"விருது வந்தா வருது, வராட்டிப் போகுது. அன்னைக்கே கிடைச்சிருந்தா அந்தப் பரிந்துரையை வச்சே பெட்டி எல்லா ஊர் சுகாதார நிலையத்துக்கும் போயிருக்கும். இடையில மூணு அறுவடை போயிருச்சு. எம்புட்டு பேருக்குக் கண்ணு போச்சுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. இத்தனை காலமும் இது தனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற விஷயம் என்றே நினைத்திருந்தான். அதில் வேறு யாரும் இருக்கிறார்கள் என்பது ஒரு தடவைகூட அவன் நினைப்பில் வந்ததில்லை.

மீனலோசனி வீட்டை விட்டுப் போகவில்லை. அம்மா வீட்டில் போய்ச் சொல்லவும் இல்லை. சமைத்தாள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், இந்துப்ரியாவின் பள்ளிக்கூடம் பற்றிப் பேசினாள். எல்லாம் சௌராஷ்டிரத்தில். லேபில் என்ன நடந்தது, எந்த ஊருக்குப் போனாள், யாருக்குக் கண் தெரிந்தது என்ற பேச்சு மட்டும் வீட்டில் நின்றுபோயிற்று. அந்தப் பேச்சு நடக்கும்போது வயிறெரிந்து உட்கார்ந்திருந்தவனுக்கு, அது நின்ற பிறகு வீடு காலி செய்த மாதிரி இருந்தது. ஒரு செல்போன் வாங்கிக்கொண்டாள். அதில் யாரோடோ அவள் தமிழில் பூஞ்சை பற்றிச் சிரித்துப் பேசுவது கேட்கும். மறுமுனையில் இருப்பது யாராக இருந்தாலும், ஓர் ஆய்வு மாணவியாக இருந்தால்கூட, அந்த ஆளின்மீது அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

விருது விழாவுக்கு அவளே கூப்பிட்டாள். "இந்துவைக் கூட்டிட்டு வாங்க. வரலைன்னா எல்லாரும் கேப்பாங்க."

அரங்கம் நிறைந்திருந்தது. ரவிசங்கருக்கு ஒரு பக்கம் இந்துப்ரியா, இன்னொரு பக்கம் காதில் கனத்த தோடு போட்ட ஒரு கிராமத்து அம்மாள். மேடையில் மீனலோசனிக்குப் பொன்னாடை போர்த்தியபோது அந்த அம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள்.

"எனக்கு இந்தக் கண்ணு டாக்டரம்மா குடுத்தது சாமி" என்று இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "முள்ளிப்பள்ளம். பேரு பாண்டியம்மா. காரு வச்சுக் கூட்டியாந்தாக. நீங்க டாக்டரம்மாவுக்கு என்ன வேணும்?"

ரவிசங்கர் மேடையைப் பார்த்தபடியே, "கூடப் படிச்சவன்" என்றான்.

"அப்ப நீங்களும் பெரிய படிப்பா?"

"அப்ப நான்தான் முதல் மார்க்."

"அப்படியா சாமி" என்றாள் பாண்டியம்மாள். அவ்வளவுதான். மறுபடியும் மேடைப் பக்கம் திரும்பி, கண்ணை இடுக்காமல், நன்றாக விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்துப்ரியா அவன் சட்டைக் கையை இழுத்தாள். "அப்பா, ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

அவன் மேடைப் பக்கம் கையைக் காட்டினான்.

மேடையில் மீனலோசனி பேசினாள். தன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு, ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு, கிராமத்து நர்சம்மாக்களுக்கு, பாண்டியம்மாளுக்கு நன்றி சொன்னாள். ஒவ்வொரு பெயர் வரும்போதும் அடுத்தது தன் பெயர்தான் என்று ரவிசங்கர் காத்திருந்தான். வரவில்லை. கைதட்டல் எழுந்தது. அவனும் தட்டினான்.

அடுத்த வருடத்திலிருந்து சுகாதார நிலையங்களுக்குப் பெட்டி போக ஆரம்பித்தது. தையில் வேலை ஆள் போதாமல் மீனலோசனி திண்டாடுவதை ரவிசங்கர் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை தமிழில் கேட்டான்: "நான் வரட்டுமா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்து யோசித்தாள். "ஸ்லைடுக்கு லேபிள் ஒட்டணும். வாறதுன்னா வாங்க."

சோழவந்தான் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாள் முழுக்க லேபிள் ஒட்டினான். இடையிடையே அவளிடம் மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கி, அவள் பார்த்து முடித்த ஸ்லைடுகளைத் தானும் பார்த்தான். உதவி என்று அவளிடம் சொன்னாலும், தப்பு ஏதாவது கிடைக்கிறதா என்றுதான் பார்த்தான். மத்தியானத்துக்கு மேல் ஒன்று கிடைத்தது. ஒன்றுமில்லை என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த ஸ்லைடின் ஓரத்தில், சாயம் சரியாக ஏறாத ஓர் இழை மங்கலாகக் கிடந்தது.

"மீனா, இதைப் பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். திருகை ஒரு தடவை திருப்பினாள். "ஆமா, பூஞ்சைதான். நான் விட்டுட்டேன்" என்றவள் நர்சைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த ஆளை ஓடிப்போய் நிறுத்தச் சொன்னாள். பிறகு அடுத்த ஸ்லைடை எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ரவிசங்கர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவளுடைய தப்பைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் பழங்காநத்தம் வரும்வரை அடங்கவில்லை. ஓர் ஆளுக்குக் கண் தப்பியது என்பது வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமையும் போனான்.